இரண்டு ஊர் நம்பாத குதிக்கால்

மாட்டிறைச்சி அரியும்போது எங்கள் பக்கத்துப் பெண்கள் முதலில் செய்கிற வேலை சவ்வு உரிப்பது. சதைக்கு மேலே வெள்ளையாக, நனைந்த மெல்லிய துணி போல ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். கத்தி நுனியால் ஒரு ஓரத்தைக் கிளப்பி, பெருவிரலால் அழுத்திப் பிடித்து, சர்ரென்று இழுத்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் எறிவார்கள். வேலியில் காத்திருக்கும் காகம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வேகாது, பல்லில் சிக்கும், கறியைக் கெடுக்கும் என்று அதற்கு எந்த வீட்டிலும் ஒரு மரியாதையும் கிடையாது.

எனக்கும் அதன்மேல் மரியாதை இருக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டர். பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். என் அறைச் சுவரில் ஒரு மனிதன் தோலில்லாமல் நின்றுகொண்டிருப்பான். தசையெல்லாம் சிவப்பு, எலும்பெல்லாம் வெள்ளை, ஒவ்வொன்றின் பெயரும் எனக்கு மனப்பாடம். அந்தப் படத்தை வரைந்தவரும் எங்கள் வீட்டுப் பெண்களைப் போலவே சவ்வையெல்லாம் உரித்துக் காகத்துக்குப் போட்டுவிட்டுத்தான் வரைய உட்கார்ந்திருக்கிறார் என்பது இருபத்தேழு வயது வரை எனக்குத் தெரியாது. தெரிய வைத்தது என் இடது குதிக்கால். அது தெரிய வருவதற்குள் இரண்டு ஊர்கள் என்னைக் கள்ளன் என்று முடிவுகட்டிவிட்டன.

நான் பிறந்தது சாய்ந்தமருதில். கல்யாணம் முடித்தது மருதமுனையில். இடையில் கல்முனை மட்டும்தான், சைக்கிள் மிதித்தால் அரை மணித்தியாலம் ஆகாது. ஆனால் எங்கள் கரையில் கல்யாணம் முடித்தால் பெண் வருவதில்லை, ஆண்தான் போவான். உடுப்புப் பெட்டியோடு மாமி வீட்டுக்குக் குடிபோய் அந்த வீட்டு மனிதனாகிவிட வேண்டும். காலம் காலமாக நடப்பதுதான், இதற்காக யாரும் அழுததாக நான் கேள்விப்பட்டதில்லை. என் விஷயத்தில் மட்டும் ஒரு சிக்கல். நான் எங்கள் ஊர்க் கழகத்தில் இடதுபக்கம் ஓடுகிறவன். பந்து காலில் கிடைத்தால் கோட்டோரமாகவே ஓடி, மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கோல் கம்பத்தடியில் நிற்பேன். பெருமை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பெருமைதான் பேசுகிறேன்.

ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் மறுநாள் இரண்டு ஊருக்கும் ஒரு கால்பந்துப் போட்டி உண்டு. நான் சொல்லும் போட்டி எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருஷத்தது. கோல் கம்பங்கள் கூட சூறாவளியில் விழுந்த கமுக மரங்கள்தான். மருதமுனைக் கழகத்தின் கப்டன் என் மனைவியின் காக்கா. அண்ணனை நாங்கள் காக்கா என்போம், எனக்கு அவர் மச்சான். சாய்ந்தமருதுக் கழகத்தின் செயலாளர் என் சொந்தக் காக்கா. இரண்டு பேருக்கும் நடுவில் நான், ஒரே ஒரு சோடிக் காலோடு.

கல்முனையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்து வழக்கு நடந்தது. நானும் இருந்தேன், ஆனால் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

“அவன் எங்கட உம்மாட கையால திண்டு ஓடப் பழகினவன். கலியாணம் முடிச்சாப்போல கால் மாறிருமா?” என்றார் காக்கா.

மச்சான் அவசரப்படாமல் தேத்தண்ணியை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார். “கூப்பன் புத்தகம் எங்கட ஊருக்கு மாறிட்டு. சீனி எங்கட சங்கக்கடையில, அரிசி எங்கட சங்கக்கடையில. கால் மட்டும் உங்கட ஊர்லயா?”

ரேஷன் கூப்பன் ஜெயித்தது. நான் என் சொந்த ஊருக்கு எதிராக ஓடுவது என்று தீர்ப்பாகி, காக்கா தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

இப்போது என் உடம்பின் நிலைமையைச் சொல்ல வேண்டும். புது மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் மனிதனில்லை, சோறு போட்டு நிரப்ப வேண்டிய பாத்திரம். மாமி என்னோடு நேரில் கதைக்க மாட்டார். மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பது அவருக்கு வெட்கம், எனக்கு அதைவிட வெட்கம். குசினிக் கதவில் திரையாகத் தொங்கும் சேலைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார்: “மருமகனுக்கு இன்னும் ரெண்டு அகப்பை வைக்கச் செல்லு.” சேலைக்குப் பின்னாலிருந்து வருகிற கட்டளையை மறுத்து எப்படிக் கதைப்பது? நெய்ச்சோறு வந்தது, கோழி வந்தது, வட்டிலப்பம் வந்தது, அதற்கு மேல் முட்டையும் வந்தது. நாலு மாதத்தில் என் காற்சட்டைகளில் ஒன்றுகூட எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது.

போட்டிக்கு ஐந்து கிழமை, முப்பத்தைந்தே நாள், இருக்கும்போது எனக்குப் பயம் பிடித்தது. இந்த வயிற்றோடு கோட்டோரம் ஓடினால் கோடுதான் அழியும். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். வெறுங்கால், இளகிய மணல், கால் புதையப் புதைய ஓட்டம். பழைய ஓட்டத்தை ஒரே கிழமையில் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி. பிள்ளைகளுக்கு “கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்” என்று படிப்பித்த அதே ஆள்தான். தோணி இழுக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் கிழமை தொடையெல்லாம் பழையபடி இறுகி, மூச்சும் வந்துவிட்டது. ஆள் தயார் என்று நினைத்தேன்.

ஒரு நாள் விடியுமுன் சுபஹுத் தொழுகைக்கு எழும்பிக் காலைத் தரையில் வைத்தேன். இடது குதிக்காலுக்குள் யாரோ ஆணி வைத்து அடித்த மாதிரி இருந்தது. முள் ஏறிவிட்டதோ என்று தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கட்டிலிலிருந்து கிணற்றடி வரை பதினோரு அடி. சுவரைப் பிடித்து, கதவு நிலையைப் பிடித்து, பிறகு கிணற்றுக்கட்டைப் பிடித்து, பெருவிரலால் மட்டும் மிதித்து மிதித்துப் போய், தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ எடுத்தேன். மனைவி அந்தப் பக்கம் திரும்பி நல்ல நித்திரை. பள்ளிவாசலுக்குப் போய்ச் சேரும்போது நோவு பாதியாகிவிட்டது. பள்ளிக்கூட மணி அடிக்கும்போது இருந்த இடம் தெரியவில்லை. அடுத்த நாள் சுபஹுக்கு அதே ஆணி, அதே பதினோரு அடி.

இந்த நோவின் கெட்ட குணம் இதுதான். அது சாட்சி இல்லாத நேரத்தில் மட்டும் வரும். நாலு பேர் பார்க்கிற பகலில் நல்ல பிள்ளையாகிவிடும். பின்னேரம் ஓடும்போது சும்மா ஒரு பிடிப்பு மாதிரி இருக்கும். ஓடி முடித்து உட்கார்ந்து எழும்பினால் மறுபடி ஆணி. கடைசியில் ஓடவே முடியாமல் போய், போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது மச்சானிடம் சொன்னேன்.

அவர் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீக்கம் இல்லை. சிவப்பு இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. மெல்ல இறக்கிவைத்தார்.

“எனக்கு விளங்குது மச்சான். ஊர்ப்பாசம் குதிக்கால்ல இறங்கிட்டு.”

சரி, என் ஊராவது சந்தோஷப்பட்டிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்துக் காக்காவைத் தேடிப் போனேன். அவர் என்னை வாசலிலேயே நிறுத்திச் சிரித்தார்.

“டேய் தம்பி, உன்ட மச்சான்மார்ர மூளைதானே இது? நீ வரமாட்டாய் எண்டு நாங்க இடது பக்கத்த சும்மா விட, மெச் அண்டு நீ மான் மாதிரிப் பாயிறது. போடா, போய் வேற ஆளைப் பாரு.”

ஆக, ஒரு ஊருக்கு நான் விளையாடாமல் இருக்க நடிக்கிறேன். மற்ற ஊருக்கு விளையாடுவதற்காக நடிக்கிறேன். ஒரே குதிக்காலால் இரண்டு விதமாகப் பொய் சொல்கிற திறமை எனக்கு இருப்பதாக இரண்டு ஊரும் ஒற்றுமையாக நம்பின.

ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்றே எடுத்தேன். எலும்பு சுத்தமாக இருந்தது, டொக்டர் அதைப் பாராட்டிப் பேசினார். ஆலையடிவேம்பில் ஒடிவு முறிவு பார்க்கிற பரியாரியாரிடம் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் அழுத்திப் பார்த்து, “ஒடிவும் இல்ல, முறிவும் இல்ல தம்பி, எதுக்கும் எண்ணெய் தாறன்” என்றார். அந்த எக்ஸ்றேப் படம் மச்சான் கைக்குப் போய், அங்கிருந்து தேத்தண்ணிக் கடைக்குப் போய், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்காத ஆள் இல்லை என்று ஆனது. எலும்பு நல்லா இருக்கு, ஆள்தான் சரியில்லை என்று எல்லோரும் சேர்ந்து வாசித்துவிட்டார்கள்.

இதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வரும். பகலில் நோவு இல்லாததால்தானே நம்பவில்லை, பகலிலும் நொண்டிக் காட்டுவோம் என்று முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்துக்கு நொண்டி, சந்தைக்கு நொண்டி, பள்ளிவாசலுக்கும் நொண்டி. நடிப்பென்று ஒன்று இருந்தால் அதுதான் நடிப்பு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூட்டத்தோடு வரும்போது யாரோ கூப்பிட்டார்கள். திரும்பி நாலு வார்த்தை கதைத்துவிட்டு மறுபடி நொண்டத் தொடங்கினேன். வலது காலால்.

மச்சான்தான் கண்டார். பக்கத்தில் இருந்தவரின் கையைச் சுரண்டினார். பொழுதுபட்டு மஃரிப் தொழுவதற்குள் செய்தி கல்முனையைத் தாண்டிச் சாய்ந்தமருதுக்குப் போய்விட்டது. தேத்தண்ணிக் கடைப் பக்கம் போனால், “மாஸ்டர், இண்டைக்கு எந்தக் கால்?” என்று கேட்டார்கள்.

சிரிக்கலாம், நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. போட்டி போனால் போகட்டும். ஆனால் நான் அந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதம். இனி மௌத்தாகும் வரை இருக்கப்போகிற வீடு. அங்கே முதல் வருஷமே பொய்யன் என்று பெயர் எடுத்தால் பிறகு எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? மனைவி என்ன நினைக்கிறாள் என்றும் தெரியவில்லை. அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குக் கூடுதலாக நொந்தது.

இதற்கிடையில் ஒரு பையனின் முகம் வேறு வந்து வந்து போனது. போன தவணையில் குதிக்கால் நோகுது சேர் என்று வந்தவன். நான் வீக்கத்தைக் காட்டு என்றேன். அவன் காட்ட எதுவும் இருக்கவில்லை. “நடிக்காத, மூண்டு சுத்து ஓடு” என்று விரட்டியவன் நான்தான்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து, குர்பான் இறைச்சி பங்கு பங்காக வீடுகளுக்கு வரத் தொடங்கியது. எங்கள் பங்கில் ஒரு பின்னங்கால் துண்டு, முழங்காலிலிருந்து கீழே, முழுசாக வந்திருந்தது. பின் விறாந்தையில் பாய் விரித்து மாமியும் மனைவியும் அரிந்துகொண்டிருந்தார்கள். என்னோடு வெளியே யாரும் முகம் கொடுத்துக் கதைக்காததால் நானும் ஒரு மூலையில் போய்க் குந்தினேன். மாமி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எனக்கு முதுகு காட்டித் திரும்பி இருந்தார்.

மனைவி அந்தக் கால் துண்டின் சவ்வை உரிக்கப் போனாள். கொஞ்சம் பொறு என்று வாங்கிப் பார்த்தேன். வெள்ளைச் சவ்வு ஒரு தசையைச் சுற்றி உறை போட்டு, அங்கே முடியாமல் அடுத்த தசைக்குள் நுழைந்து, அதையும் சுற்றி, கீழே வர வரத் தடித்து, நரம்புக் கயிறு மாதிரி ஆகி, குளம்பு வரைக்கும் போனது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. மேல் நுனியைப் பிடித்து இழுத்தேன், கீழ் நுனி அசைந்தது. இன்னொரு தரம் இழுத்தேன், மறுபடியும் அசைந்தது. என் படத்து மனிதனிடம் இது இல்லை. நான் படித்த எந்தப் பெயரும் இதற்கு இல்லை. ஆனால் கடற்கரை மணலில் நான் அடித்த ஒவ்வொரு அடியும் போய்ச் சேர்ந்த இடம் இதுதான் என்று என் குதிக்காலுக்கு உடனே விளங்கிவிட்டது.

“இதுதான் நோவுது. எலும்பு இல்ல, இதுதான்” என்றேன், யாரிடம் என்று இல்லாமல்.

மாமி தறி நெய்கிறவர். வளவில் ஒரு கொட்டிலில் அவருடைய தறி இருந்தது, ஆண்கள் உடுக்கிற சாரம் நெய்வார். திரும்பாமலே மகளிடம் சொன்னார். “பாவு மேல இறுகினா கீழதான் நூல் அறும். மருமகன்ட கெண்டைக்கால அமத்திப் பாக்கச் செல்லு.”

அமத்திப் பார்த்தேன். இடது கெண்டைக்கால் கல்லாக இருந்தது. இரண்டு கிழமையாகக் குதிக்காலையே தடவிக்கொண்டிருந்தவன் ஒரு சாண் மேலே கையை வைக்கவில்லை. சான்றிதழை யாராவது கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மாமி இன்னொரு துண்டை அரிந்து சட்டியில் போட்டார். பிறகு மாமி மறுபடி மகளிடம் கதைத்தார். “முத்தின மாட்டுச் சவ்வுக்கு நாம என்ன போடுற? பப்பாசிக்காய்தானே அரைச்சுப் போடுற? எப்பேர்ப்பட்ட சவ்வும் இளகிரும். மருமகனுக்கும் போட்டுப் பாக்கச் செல்லு.”

இன்றைக்கு யாராவது இப்படிச் சொன்னால் எழும்பி ஓடியிருப்பேன். அன்றைக்கு அதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. சவ்வு இளகாமல் இருப்பதுதான் நோவுக்குக் காரணம், பப்பாசிக்காய் சவ்வை இளக்கும், ஆகவே பப்பாசிக்காய். பயிற்சிக் கல்லூரியில்கூட எனக்கு இவ்வளவு தெளிவாக ஒன்றும் விளங்கியதில்லை.

நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் மனைவி ஒரு பீங்கான் கோப்பையில் அரைத்துக்கொண்டு வந்தாள். பால் சொட்டச் சொட்ட, பச்சையாக, இறைச்சிக்குப் போடுவதைவிடத் தடிப்பாக இருந்தது. கையால் தொடாமல் கரண்டியால் அள்ளிப் பூசினாள். “குதிக்காலோட நிப்பாட்டாத, கணுக்கால் முழுக்கப் பூசு” என்று சேலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மேலே ஒரு துணியால் கட்டிவிட்டு, அஸர் வரை அசையாமல் இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். முதலில் குளிர்ந்தது. பிறகு கடித்தது. வேலை செய்யுது என்று சந்தோஷப்பட்டேன். பிறகு எரிந்தது. நன்றாக வேலை செய்யுது என்று பல்லைக் கடித்தேன். அஸர் பாங்கு சொல்வதற்குள் துணியைப் பிய்த்தெறிந்துவிட்டுக் கிணற்றடிக்கு ஒற்றைக் காலில் பாய்ந்தேன். நோகாத காலில்தான், இந்த முறை பிழை விடவில்லை.

கழுவிப் பார்த்தால் அது என் கால் மாதிரியே இல்லை. கணுக்காலைச் சுற்றிச் செக்கச் சிவந்து, பொதுபொதுவென்று வீங்கி, இரண்டு பக்கமும் நீர்க்கொப்பளங்கள். நான் கத்திய கத்தில் பக்கத்து வளவிலும் தறி நின்றுவிட்டது. மாமி பதறவில்லை. கத்தாழை மடல் ஒன்று எப்படியோ உரித்துத் தயாராக இருந்தது.

சத்தம் கேட்டு முதலில் மச்சான் ஓடி வந்தார். என் காலைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

“யா அல்லாஹ்! இவ்வளத்தையும் வச்சிக்கிட்டா மச்சான் இத்தின நாளும் நடந்தீங்க?”

நான் வாயைத் திறந்தேன். பப்பாசிக்காய் என்று சொல்லத்தான் திறந்தேன். குசினிச் சேலைக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

மஃரிபுக்கு முன்னால் காக்கா சைக்கிளில் வந்து இறங்கினார். எனக்குக் கல்யாணம் ஆனதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. கட்டிலின் ஒரு பக்கம் காக்கா, மறுபக்கம் மச்சான், நடுவில் என் கால். இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்து, மாறி மாறி உச்சுக்கொட்டினார்கள். “வாய் செத்தவன், சொல்லமாட்டான். சின்ன வயசிலயும் இப்பிடித்தான்” என்று காக்கா மச்சானிடம் சொன்னார். தேத்தண்ணிக் கடைக்குப் பிறகு இரண்டு பேரும் கதைத்துக்கொண்டதும் அதுதான் முதல் தடவை. மாமி இரண்டு பேருக்கும் வட்டிலப்பம் வைத்து அனுப்பினார்.

மறுநாள் போட்டிக்கு என்னைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதிரையை எந்தப் பக்கம் போடுவது என்று மறுபடி ஒரு சின்ன வழக்கு நடந்து, கடைசியில் நடுக்கோட்டின் நுனியில் போட்டார்கள். வீங்கிய காலை இன்னொரு கதிரையில் நீட்டி, இரண்டு ஊரும் பார்க்க, நான் உட்கார்ந்திருந்தேன். பந்து என் பக்கம் உருண்டு வந்தபோதெல்லாம் இரண்டு பக்க ஆட்களும் காலைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். ஆளுக்கொரு கோலோடு போட்டி முடிந்தது. எனக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு கோல் அடித்திருந்தால்கூட அவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

கொப்பளம் ஒரு கிழமையில் ஆறிவிட்டது. சவ்வு ஆறவில்லை. அது ஆற ஏழெட்டு மாதம் எடுத்தது. கல்லாக இருந்த கெண்டைக்காலைச் சுவரில் கையூன்றி நின்று தினமும் நீட்டினேன். வெறும் சோடாப் போத்தலைத் தரையில் போட்டு உள்ளங்காலால் உருட்டினேன். வயிற்றைக் குறைத்தேன், அதாவது சேலைக்குப் பின்னாலிருந்து வரும் கட்டளையில் மூன்றில் ஒன்றை மறுக்கப் பழகினேன். பிற்காலத்தில் கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்பில்தான் இதற்குப் பேஷியா என்று பெயர் என்று கேள்விப்பட்டேன். தசை மூன்று கிழமையில் ஏறிவிடும், சவ்வு அப்படி இல்லை, மெல்லத்தான் பலக்கும். ஓடுகிறவன் காலை ஊன்றும்போது இழுபட்டு, விடும்போது சுருங்கி, அவனை முன்னுக்குத் தள்ளுவதில் அதற்கும் பங்கு உண்டு. நான் தசையைத் தயார்ப்படுத்திவிட்டு ஆள் தயார் என்று நினைத்திருக்கிறேன். வகுப்பில் இருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்கு எழுத வேண்டி இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பையனைக் கூப்பிட்டு, அன்றைக்கு உன்னை நம்பாதது என் பிழை, மன்னித்துக்கொள் என்றேன். அவன் காலால் மண்ணைக் கீறினான். “இல்ல சேர், அண்டைக்கு நான் நடிச்சதான்” என்றான். அதற்காக நான் என் புதுக் கொள்கையை மாற்றவில்லை. கால் நோகுது என்று வருகிறவனிடம் வீக்கத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, காலையில் எழும்பி வைக்கிற முதல் அடி எப்படி இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினேன்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஐந்தாறு வருஷம் கழித்து, எங்கள் மூத்த மகள் ஓடித் திரிகிற வயதில், ஒரு நாள் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனேன். மனைவி பப்பாசிக்காய் ஒன்றை வெட்டக் கத்தி வைக்கிறாள். மாமி அதட்டினார்.

“கைக்கு எண்ணெய் பூசாம வெட்டாத எண்டு எத்தின தரம் செல்ற? பால் பட்டா வெந்திரும். தெரியாத மாதிரி!”

மனைவி என்னைக் கண்டுவிட்டாள். மாமியும் கண்டுவிட்டார். முந்தானையை இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். நான் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கரண்டியால் பூசியது ஞாபகம் வந்தது. கணுக்கால் முழுக்கப் பூசச் சொன்னது ஞாபகம் வந்தது. உரித்துத் தயாராக இருந்த கத்தாழை மடலும் ஞாபகம் வந்தது.

“அப்ப, வேகும் எண்டு தெரிஞ்சுதான் போட்டீங்களா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

அவள் பப்பாசிக்காயைக் கீழே வைத்தாள். “ஒவ்வொரு சுபஹுக்கும் நீங்க சுவரப் புடிச்சுக்கிட்டுக் கிணத்தடிக்குப் போறதப் பாத்துக்கிட்டுத்தான் படுத்திரிந்தன். ஆரும் பாக்காத நேரத்தில நொண்டுற மனிசன் பொய் செல்லுவாரா? உம்மாட்டச் சென்னன். உம்மா ரெண்டு நாள் யோசிச்சாங்க.”

நித்திரை என்று நான் நினைத்த அத்தனை காலையிலும் ஒருத்தி விழித்திருந்து என் பதினோரு அடியையும் எண்ணியிருக்கிறாள். ஊரில் ஒரு ஆளாவது நம்ப மாட்டாரா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டிலேயே இரண்டு பேர் நம்பியிருக்கிறார்கள்.

அப்போது மாமி திரும்பினார். முந்தானை இருந்தபடியே இருந்தது, ஆனால் கண் நேராக என்னைப் பார்த்தது. ஆறு வருஷத்தில் மகளை நடுவில் வைக்காமல் அவர் என்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை.

“உள்ளுக்குள்ள நோவுறதுக்கு மருந்து எனக்குத் தெரியா, மருமகன்,” என்றார். “வெளிய காட்டுறதுக்குத்தான் தெரிஞ்சிச்சு.”